கறுப்பாயிருந்தாலும்...



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் நம் தென்காசி வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிராது. ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராய் ஏற இறங்கப் பார்ப்பார்கள். "மூத்தவ நல்ல நிறம். இளையவ கொஞ்சம் மட்டுதான், கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று ஓர் அத்தையோ பெரியம்மையோ சொல்லுவாள். சொன்னவளுக்கு அது புகழ்ச்சி. கேட்ட தாய்க்கும் ஓர் ஆறுதல். காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாளே அந்த இளைய பெண், அவள் காதில் "இருந்தாலும்" என்ற சொல் தங்கிவிடுகிறது.

அந்தச் சொல்லைப்பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும். ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிக்கிற சொல் அது. குடிகாரனாயிருந்தாலும் பிள்ளைகளைப் பட்டினி போடமாட்டான் என்கிறோம். கோபக்காரியாயிருந்தாலும் மனசில் கள்ளமில்லை என்கிறோம். (ஏழையாயிருந்தாலும் யோக்கியன் என்று சொல்லுகிறவர்களும் உண்டு, தரித்திரம் எந்தக் கற்பனைக்கு விரோதமான பாவமோ, எனக்குத் தெரியவில்லை.) சர்வேசுரன் ஒரு குழந்தைக்குக் கொடுத்த தோல் எந்தக் குற்றத்துக்காக மன்னிப்புப் பெறவேண்டும்?

வைத்தியர்களைக் கேட்டுப் பாருங்கள். தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நமக்கு அவை கூடுதலாய் வேலை செய்கின்றன என்பார்கள். சூரியனுடைய புறஊதாக் கதிர்கள் உள்ளே இறங்கிக் கேடு செய்யாதபடி அந்த நிறமி தடுக்கிறது. வயலில் நாற்று நடுகிறவளுக்கும் செங்கல் சூளையில் நிற்கிறவனுக்கும் சிருஷ்டிகர் பிடித்த குடை அது.

இந்தக் குடையைக் கழற்றித் தருகிறோம் என்றுதான் வியாபாரிகள் வந்தார்கள். 1975-ம் வருஷம் 'ஃபேர் அண்ட் லவ்லி' நம் தேசத்தில் விற்பனைக்கு வந்தது. ஆண்பிள்ளைகளை விட்டுவைப்பானேன் என்று 2005-ல் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்தது. வெகு காலமாய் இப்படிப்பட்ட விளம்பரங்களில் ஒரே கதைதான். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடையாது, வரன் கிடையாது, சில வாரம் கிரீம் பூசுகிறாள், முகம் வெளுக்கிறது, வேலையும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நிற்கின்றன. கறுத்தவர்களை வாழ்வில் தோற்றவர்களாய்க் காட்டக்கூடாது என்று விளம்பரத் தொழிலாரின் தரக் கவுன்சிலே 2014-ல் விதி வகுக்கவேண்டியதாயிற்று. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் காவலர் கையில் மாண்டு, உலகெங்கும் கிளர்ச்சி எழுந்தபின், அந்தப் பழைய கிரீமின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாறிற்று. ஆனால் இப்போது கிரீமும் வேண்டியதில்லை. அருவிக்கரையில் பிள்ளைகள் படம் எடுக்கும்போதே பல கைபேசிகள் தாமாகவே முகத்தை வெளுப்பாக்கிக் காட்டிவிடுகின்றன. கேளாமலே கிடைக்கிற அபிப்பிராயம்!

மலைக்கு அப்பால், கேரளத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தாய்மார் கவனிக்க வேண்டும். சில வெண்மைக் கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. அது மெலனின் உண்டாகாமல் தடுப்பதால் முகம் வெளுக்கும். தோல் வழியே இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒருவிதச் சிறுநீரக வியாதியோடு வந்த 22 பேரைச் சோதித்தார்கள். 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் வெண்மைக் கிரீம் பூசியவர்கள். 2023-ல் அந்த மாநிலத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயரிட்டுக் கடை கடையாய்ச் சோதனை போட்டது. தயாரித்தவர் விலாசமில்லாத டப்பா எதையும் வீட்டில் வைக்காதீர்கள்.

சரி, இதில் பாவம் யாருடையது? பொய் சொல்லி விற்கிறவன் எட்டாம் கற்பனையை மீறுகிறான், அதில் சந்தேகமில்லை. பூசுகிற பெண்? அவளைக் கேட்டால் வீண்பெருமை, சிங்கார மோகம் என்று சொல்லிவிடுவது எங்களுக்குச் சுலபம். நானே பிரசங்கத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். சென்ற தபசு காலத்திலிருந்து அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

சென்ற கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு முன், வசனம் முழுவதையும் பிசகாமல் ஒப்பிக்கக்கூடிய ஒரு பெண் இருந்தாள். குரலும் கணீரென்றிருக்கும். தேவமாதா வேஷத்துக்கு நான் வேறொரு பிள்ளையைத் தேர்ந்தேன். "மாதாவைப் போலவே முகம்" என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். எந்த மாதாவைப் போல? நாசரேத்தூரின் வெயிலில் தண்ணீர்க்குடம் சுமந்து நடந்த யூதப் பெண்ணை நம்மில் யார் பார்த்தோம்? நாம் பார்த்ததெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப்படங்களும், அவற்றைப் பார்த்துச் செய்த சுரூபங்களுமே.

தபசு காலத்தில் அந்தப் பெண் முகம் சிவந்து தோலுரிந்து, தாயாரோடு சாமியார் வீட்டு வராந்தாவில் வந்து நின்றாள். பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்துக் கிரீம் வாங்கியிருக்கிறாள். ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "என்னைய எடுக்கமாட்டீயன்னு எனக்கு முதல்லயே தெரியும் சாமி. மாதா கறுப்பா இருந்தா எல்லாரும் சிரிச்சிருவாவல்லா?" என்றாள். (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. எழுதலாமா என்று தாயையும் மகளையும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.)

இதற்குப் பெயர் வீண்பெருமையா? அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் பெருமையைப் பாவம் என்பதோடு நிற்கவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட திறமைக்குக் கீழே ஒருவன் தன்னைச் சுருக்கிக்கொள்ளுகிற சிறுமையுள்ளத்தையும் பாவம் என்கிறார்; தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனை உதாரணம் காட்டுகிறார். ஆனால் அந்த ஊழியன் தானே குழி தோண்டினான். இவளுடைய கணீர்க் குரலுக்குக் குழி தோண்டியதில் என் கையும் உண்டு. உங்கள் கையும் உண்டு. வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய் என்று தடுக்கிற பாட்டி. "கறுப்பி" என்று செல்லமாய்க் கூப்பிடுவதாய் நினைக்கிற மாமன். கத்தோலிக்க, பக்தியுள்ள, சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை என்று எழுதி என்னிடம் கொண்டுவருகிற தகப்பன். பக்திக்கும் நிறத்துக்கும் நடுவில் ஒரே ஒரு காற்புள்ளி! விளம்பரக்காரன் உழுத நிலத்தில் விதைக்கிறான், அவ்வளவுதான்.

கோவிலும் உழுதிருக்கிறது. மிக்கேல் சம்மனசானவரின் சுரூபத்தைப் பாருங்கள். அநேகம் இடங்களில் சம்மனசுக்கு ரோஜா வர்ணம், காலின்கீழ் கிடக்கும் பசாசுக்குக் கறுப்பு. ஞானோபதேசத்துக்கு வரும் குழந்தை நம் விளக்கத்தைக் கேட்பதற்கு முன்பே அந்த வர்ணத்தைப் படித்துவிடுகிறது. லீமா நகரத்து மார்ட்டினுக்கு 1962-லும், சூடான் தேசத்து பக்கீத்தம்மாளுக்கு 2000-லும் திருச்சபை அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தது. நம் வீட்டுப் படங்களில் அவர்கள் எத்தனை பேர் சுவரில் இருக்கிறார்கள்?

உன்னத சங்கீதத்தின் முதல் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். மணவாட்டி திராட்சைத் தோட்டம் காத்து வெயிலில் கறுத்தவள். தான் கறுத்தவள் என்பதையும் அழகுள்ளவள் என்பதையும் அவள் ஒரே மூச்சில் சொல்லுகிறாள். எபிரேய மூலத்தில் இவ்விரண்டையும் இணைப்பது ஒரே ஓர் எழுத்து. அதை 'உம்' என்றும் கொள்ளலாம், 'ஆனால்' என்றும் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்றே வைத்தது. அர்ச். எரோணிமுஸ் இலத்தீனில் எழுதும்போது 'ஆனால்' என்று போட்டார். குருமடத்தில் அந்த இலத்தீனைத்தான் நான் பாடம் பண்ணினேன். அத்தனை பெரிய வேதசாஸ்திரியின் பேனாவிலும் நம் அத்தையின் "இருந்தாலும்" வந்து உட்கார்ந்துகொண்டதே என்று இப்போது நினைக்கிறேன்.

இவ்வருஷத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சேர விரும்புகிற பிள்ளைகள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம். இம்முறை நானும் மற்றவர்களும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து குரலையும் வசனத்தையும் கேட்டே வேஷம் கொடுப்போம். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துச் சொல்கிறேன் சாமி என்றிருக்கிறாள்.

உங்கள் பங்குக் குரு