வாழ்தற்குரிமையும் வாழ்வுண்மையும்

ஞாயிற்றுக்கு மிக அணித்தாயுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி என்பது. நிறத்தாற் செம்மையும் அளவாற் குறுமையும் உடைமையின் வானூலார் அதனைச் சிவப்புக் குறுமீன் என்பர். அதனை 11.2 நாளில் ஒருமுறை வலம்வரும் கோளொன்று உளதென 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அறிவிக்கப்பட்டது. 'உயிர் வாழ்தற்குரிய உலகம்' என்று அது பேசப்படுதலின், ஆகமங்கள் கூறும் புவனங்களுள் ஒன்று வெளிப்பட்டதெனக் கொள்ள நம்மனோர் விழைதல் இயல்பே.

ஈண்டு முதற்கண் ஆராயத்தக்கது அக்கோள் எவ்வளவையான் அறியப்பட்டது என்பது. கண்ணாற் கண்டார் இலர். அவ்விண்மீன் நம்மை நோக்கியும் நம்மை விட்டும், ஒருவன் நடக்கும் விரைவின் அளவே, மாறிமாறி அசைதலை அதன் ஒளியிற் கண்டு, ஈர்க்கும் பொருளின்றி இவ்வசைவு நிகழாதென்று கோளை உய்த்துணர்ந்தனர். புகையாற் கனலை உணர்தல்போல இது காரிய ஏதுவாற் பிறந்த கருதலளவையே. 2020-ஆம் ஆண்டில் வேறொரு கருவியானும் அவ்வசைவு உறுதிப்பட்டமையின் கோளுண்மை ஐயுறத்தக்கதன்று.

ஆயின் அவ்வேது தருவன சிலவே: வலம்வரும் காலம், விண்மீனுக்கும் கோளுக்கும் இடைப்பட்ட தொலைவு, நிறையின் கீழெல்லை. தொலைவு ஏறத்தாழ 73 இலட்சம் கிலோமீட்டர். விண்மீன் மங்கியதாகலின், அத்துணை அணிமையிலும் நீர் நீராகவே நிற்றற்கியன்ற வெப்பம் அமையக்கூடும். 'வாழ்தற்குரியது' என்பதற்கு வானூலார் கொண்ட பொருள் இவ்வளவே. அதுவும் வளிமண்டலம் உளதாயின். அஃது உண்டென்பதற்கு இதுகாறும் ஏது கிடைத்திலது. 2019-ஆம் ஆண்டு மே முதல் நாளில் அவ்விண்மீன் சீறியபோது அதன் புறவூதா ஒளி சில நொடியில் 14,000 மடங்கு மிக்கது. அத்தகைய சீற்றங்கள் வளிமண்டலத்தைச் சிதைத்தலுங் கூடும். ஆகவே உரிமை கொண்டு உண்மை துணிதல், விறகு கண்ட துணையானே தீயுண்டு என்றலோ டொக்கும்.

அற்றேல், தனு கரண புவன போகங்கள் உயிர்ப்பொருட்டே தரப்படுதலின் உறைவாரில்லா உலகம் பயனின்றாம். ஆகலின் ஆண்டு உயிருண்டு எனின், அதுவும் பொருந்தாது. திங்களில் 1969-ஆம் ஆண்டில் மாந்தர் அடிவைத்தனர். ஆண்டு உயிர் காணப்பட்டிலது. எனினும் திங்கள் நம் கடலை ஏற்றியும் இறக்கியும் பயன்செய்கின்றது. ஒன்றன் பயன் அதன்மேல் உறைவார்க்கே ஆதல்வேண்டும் என்னும் நியதி யாண்டையது?

மேலும் ஆகமப் புவனங்கள் தத்துவங்களில் வைத்து ஓதப்பட்டன. விண்மீனசைவு கொண்டு எண்ணப்படுவன அல்ல. இன்று இக்கோளை ஆகமத்திற்குச் சான்றாக்கின், நாளை அது வெறும் பாறையென்று தெளியப்படுங்கால் ஆகமமும் உடன் வழுவிற்றென்பார்க்கு யாம் என்ன விடை கூறுவேம்?

ஆண்டு உயிர் இல்லவே இல்லை என்பார்க்கும் ஏது இல்லை. நம்முடம்பிற்கு ஒவ்வாதது எல்லா உடம்பிற்கும் ஒவ்வாதெனல் ஆகாது. ஞாயிற்றொளி சிறிதும் புகாத ஆழ்கடலடியில், கலாபகசுத் தீவுகளை யடுத்து, 1977-ஆம் ஆண்டில் வெந்நீரூற்றுக்கள் கண்டறியப்பட்டபோது, அவற்றைச் சூழ உயிரினங்கள் செறிந்து வாழ்ந்தன.