மிளகுக்கு வாழ்த்து உண்டா?

கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கும். ஊடே பலா, வாழை, கொஞ்சம் அன்னாசி. யூதர்களின் சட்ட விவாத நூலான தல்மூதின் மொழிபெயர்ப்பைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து, இவற்றுக்கெல்லாம் ஒரு யூதர் இறைவனுக்கு என்ன வாழ்த்துச் சொல்லிவிட்டு உண்பார் என்று கணக்குப் போடுவது எனக்குப் பழகிவிட்டது.

பலாச்சுளைக்கு மரத்தின் கனியைப் படைத்தவனை வாழ்த்த வேண்டும். வாழைக்கு அது செல்லாது. தார் வெட்டியதும் தாய்வாழை போச்சு, பக்கக்கன்றுதான் அடுத்தது. ஆகவே அது மரமல்ல; மண்ணின் விளைச்சலுக்கான வாழ்த்துதான். அன்னாசிக்கும் அதுவே. பயிர் எப்படி விளைகிறதென்று தெரியாதவர் அங்கே வாய் திறக்க முடியாது! தினை வகைகளுக்கு எதைச் சொல்வது என்று அறிஞர்கள் முட்டிக்கொண்டது தனிக்கதை.

மிளகில்தான் வாதம் சூடு பிடிக்கிறது. தல்மூதில் வரும் ரபி மெயிர் அதை மரமாகவே எண்ணினார். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிதிஸோ பச்சை மிளகுக்கு மண்ணின் வாழ்த்தைச் சொன்னார். காய்ந்த மிளகை வெறுமனே மென்றால் ஒரு வாழ்த்தும் இல்லை. அப்படி யாரும் உண்பதில்லை. துய்ப்பு இல்லாத இடத்தில் வாழ்த்துக்கு வேலையில்லை. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் தொகுத்த தல்மூது, இதே பேச்சினூடே இந்தியாவிலிருந்து வந்த இஞ்சிப் பாகுக்கும் வாழ்த்து வகுத்திருக்கிறது. நம் சரக்கு அங்கே வேதவிசாரணையில் ஏறியிருக்கிறது.

ஏன் வாழ்த்த வேண்டும்? உலகம் இறைவனுடையது என்கிறது ஒரு சங்கீதம்; மண்ணை மனிதருக்குக் கொடுத்தான் என்கிறது இன்னொன்று. வாழ்த்துமுன் அவனுடையது, வாழ்த்தியபின் நம்முடையது என்று தல்மூது இரண்டையும் இணைக்கிறது. கேட்காமல் உண்பது கோயில் பொருளை எடுத்தாண்டதற்குச் சமம். சிவன் சொத்து குலநாசம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அறப்பளீஸ்வரர் கோயிலைச் சுற்றி வாழ்பவர்களுக்கு, இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் காரணமின்றி வாழ்த்தினால் அது இறைவன் பெயரை வீணாக்கிய குற்றம். நாளைக்கு நூறு வாழ்த்துச் சொல்லச் சொன்ன மரபேதான் இதையும் சொல்கிறது. உயர்ந்த மலைகளைக் கண்டால் வாழ்த்து உண்டு. ஆனால் கடைசியாகப் பார்த்து 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் பயணிக்கு அது கிடைக்கலாம். இங்கேயே குடியிருக்கும் எனக்குக் கிடையாது.

திருநாமத்தைச் சொல்லச் சொல்லப் புண்ணியம் என்று வளர்ந்தவன் நான். ஆயிரத்தெட்டு முறை சொல்லியும் இருக்கிறேன். இருந்தாலும் காரணமின்றி அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கமே நிற்கிறேன்.