வரையாடும் வேட்டை தர்மமும்

ஓர் உயிரினத்தைக் காப்பதன்பொருட்டு அவ்வினத்துள் ஒன்றைக் கொல்வது தர்மமாகுமா என்ற கேள்வி, கோரிமேட்டைத் தவிர மேடென்று சொல்லத்தக்க நிலமே இல்லாத புதுவை நகரத்திலிருந்து எழுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், கொலையும் கடமையும் எதிர்ப்படும் இடத்தைக் கூசாமல் ஆராய்ந்த ஸ்ரீ அரவிந்தரின் கீதைக் கட்டுரைகள் 1916 முதல் 1920 வரை ‘ஆர்யா’ பத்திரிகையில் வெளிவந்தது இவ்வூரிலிருந்துதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவர வளத்தை வரைபடங்களாக்கித் தந்த பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் நிலைபெற்றிருப்பதும் இவ்வூரில்தான். மலை தொலைவில் இருந்தாலும் மலையைப் பற்றிய விசாரம் நமக்கு அந்நியமன்று.

நீலகிரி தொடங்கி அகத்தியமலை வரை, சோலைக்காடுகளுக்கு மேலே விரிந்த புல்வெளிகளையும் செங்குத்தான பாறைச் சரிவுகளையும் நம்பி வாழும் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இமயத்து வரையாட்டுக்கு உறவென்று நெடுநாள் கருதப்பட்ட இது, உண்மையில் செம்மறி இனத்துக்கே மிக நெருங்கியது என்று 2005-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது. கேரளத்து இரவிகுளத்தின் ராஜமலையில் மனிதரை அஞ்சாது சாலையோரம் மேயும் மந்தையை நோக்கினால், பழுப்பு நிறப் பெண்ணாடுகளுக்கும் குட்டிகளுக்கும் நடுவே, கருமை படர்ந்த உடலும் பின்னோக்கி வளைந்த தடித்த கொம்புகளும் கொண்டு, முதுகின்மேல் சேணம் இட்டாற்போல் வெள்ளி நிறத் திட்டொன்று படிந்த முதிய கிடாவை எளிதில் இனங்கண்டுகொள்ளலாம். அந்த வெள்ளித் திட்டுத்தான் அதன் முதுமையின் அடையாளம். ஒரு காலத்தில் அதன் மரணத்துக்குரிய முத்திரையும் அதுவே.

நீலகிரியில் குடியேறிய வெள்ளையர் கட்டுப்பாடின்றிச் சுட்டுத் தள்ளியதால் வேட்டை விலங்குகள் அருகிப்போகவே, 1877-இல் அவர்களே ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் சென்னை அரசாங்கம் நீலகிரிக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. இன்ன பருவத்தில் சுடலாகாது, உரிமம் இன்றிச் சுடலாகாது என்ற விதிகள் பிறந்தன; வரையாட்டைப் பொறுத்தவரை பெண்ணும் குட்டியும் விலக்கப்பட, வெள்ளித் திட்டுக் கிடாவே வேட்டைக்காரனுக்கு உரியதாயிற்று. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தாரும் இவ்விதமே ஒரு சங்கம் அமைத்து, அம்மலைப் பழங்குடியினரான முதுவர்களைக் காவலராக வைத்து இரவிகுளத்துப் புல்வெளியைத் தங்கள் வேட்டைக்கென்று காத்தார்கள். 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆகி, இன்று வரையாட்டின் தலையாய புகலிடமாக விளங்கும் இரவிகுளம், வேட்டைக்காரரின் ஆசையால் தப்பிப் பிழைத்த நிலம் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

இவ்விதிகளை ஐரோப்பியர் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் பெரியபுராணத்தைத் திறந்து கண்ணப்ப நாயனார் சரிதத்தைப் படிக்க வேண்டும். பின்னர்க் கண்ணப்பரான திண்ணனாரின் கன்னி வேட்டையைப் பாடவந்த சேக்கிழார், வில்லும் நாயும் வலையுமாகக் காடே அதிரும்படி வேட்டுவர் புகுந்த ஆரவாரத்தின் நடுவில், அவர்கள் யானைக் கன்றைத் தொடராததையும், குருளைகளைக் கொல்லாததையும், கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்தாததையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழப் பேரரசின் அமைச்சராயிருந்த ஒரு சைவர், எழுத்தறியாத வேடரின் கையில் இந்த வரம்பை வைத்துப் பார்த்திருக்கிறார். சிவாலயத் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையில் வில்லேந்தி நிற்கும் கண்ணப்பரைக் காணும்போதெல்லாம், கொலைத் தொழிலுக்குள்ளேயே முளைத்த அந்தக் கருணையை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பூரண தர்மம் அதுவன்று. ஆனால் தர்மத்தின் முளை என்பதில் எனக்கு ஐயமில்லை.

முளையோடு நிற்கலாமா என்பதே கேள்வி. நிற்கலாம் என்போருக்கு வலுவான சான்று இருக்கிறது. பலுசிஸ்தானத்துத் தோர்கர் மலையில் மார்க்கோர் என்னும் காட்டாடும் உரியல் என்னும் காட்டுச் செம்மறியும் அழியும் நிலையை எட்டியபோது, 1980-களின் நடுவில் அம்மலைப் பழங்குடியினர் தாமே வேட்டையை நிறுத்தி, ஆண்டுக்கு மிகச் சில முதிய கிடாக்களை மட்டும் பெரும் பணம் செலுத்தும் அயல்நாட்டாருக்கு விட்டுக்கொடுத்து, அப்பணத்தால் காவலரை அமர்த்தினார்கள். இரு மந்தைகளும் பன்மடங்கு பெருகின. பாகிஸ்தானின் மார்க்கோர் வேட்டையில் கட்டணத்தின் நூற்றுக்கு எண்பது பங்கு உள்ளூர் மக்களுக்கே சேர்கிறது. பஞ்சத்திலும் போரிலும் உழன்ற அம்மக்களைப் பார்த்து, பாபம் செய்தீர்கள் என்று கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் வள்ளுவர் இவ்விஷயத்தில் இடம் கொடுக்கவில்லை. கொல்லாமை அதிகாரத்தில், கொலையால் வரும் ஆக்கம் எவ்வளவு பெரிதானாலும் சான்றோர்க்கு அது இழிந்ததே என்று அவர் உரைக்கும்போது, நன்மை விளையவே விளையாது என்று வாதாடவில்லை. நன்மை பெரிதாகவே விளையட்டும் என்று ஒப்புக்கொண்ட பின்னரே மறுக்கிறார். இனம் என்பது நம் அறிவு வகுத்த தொகுதி. குண்டு பாயும்போது துடிப்பதோ ஒரு தனி உயிர். அந்தக் கிடா தன் இனத்தின் நன்மைக்காக உயிரைக் கொடுக்க இசையவில்லை. ஆத்மா அழிவதில்லை என்ற கீதை வசனத்தை இங்கே துணைக்கழைப்போரும் உண்டு. விலக முடியாத கடமையின் நடுவே கலங்கி நின்றவனுக்குச் சொல்லப்பட்ட அவ்வுபதேசத்தை, சுவரில் மாட்ட ஒரு ஜோடிக் கொம்பு தேடிப் பணங்கொடுத்து மலையேறுபவனுக்குப் பொருத்துவது அதன் மேன்மையைக் குலைப்பதாகும்.

எனினும், கையால் கொல்லாதிருப்பதாலேயே அழிவு உலகத்தைவிட்டு நீங்கிவிடாது என்று அரவிந்தர் வற்புறுத்தியது, வேட்டைக்காரனைக் காட்டிலும் நம்மைப் போன்ற நகரவாசிகளையே அதிகமாகச் சுடுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்துத் துப்பாக்கியை இறக்கச் செய்தது. 1975-இல் குன்னூர் வழக்கறிஞர் தாவிதார் மலைத்தொடர் நெடுகிலும் ஆராய்ந்து வரையாடுகளின் தொகையைச் சுமார் 2,200 என்று மதிப்பிட்டார். தமிழ்நாட்டு எல்லைக்குள் 2024-இல் நடந்த கணக்கெடுப்பு 1,031 என்றும், அடுத்த ஆண்டுக் கணக்கு 1,303 என்றும் காட்டின. வேட்டை நின்று அரை நூற்றாண்டாகியும் இது அருகிய இனமாகவே இருக்கிறதென்றால், புல்வெளி சுருங்கியதே முக்கிய காரணம். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், விறகுக்கும் செயற்கைப் பட்டிழைக்கும் தைலமரமும், நம் காலைக் கோப்பைக்காகத் தேயிலையும் அப்புல்லின்மேல் நடப்பட்டன. எறும்பை மிதிக்க அஞ்சும் ஒருவர் அணிந்த செருப்பிலும் அந்த மலையின் ஒரு துண்டு இருந்திருக்கலாம்.

ஆகையால் கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று. உழைப்பும் செலவும் கோருவது. பரவிய சீகையை வேரோடு களைந்து புல்லை மீட்க வேண்டும்; குட்டி ஈனும் பருவத்தில் இரவிகுளம் ஆண்டுதோறும் மூடப்படுவதுபோல நம் உல்லாசம் ஒதுங்கி நிற்க வேண்டும். தமிழக அரசு 2022-இல் சுமார் 25 கோடி ரூபாயில் அறிவித்த வரையாட்டுத் திட்டத்தை இவ்வகையில் நான் மனமார வரவேற்கிறேன். கொம்பை விற்றுத் திரட்ட வேண்டியிருந்த பொருளை ஒரு சமுதாயம் தன் பொதுப் பணத்திலிருந்து எடுத்து வைக்கிறது.

தோர்கரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. அங்கே காப்பவனுக்குப் பங்கு உண்டு. கொல்லாமை அதிகாரத்திலேயே பல்லுயிர் ஓம்புதலைப் பகுத்துண்ணுதலோடு சேர்த்து ஒரே மூச்சில் அறங்களுக்கெல்லாம் தலையாக வைத்த வள்ளுவர், பங்கிடாமல் காக்க இயலாது என்பதை அறிந்திருந்தார் போலும். வெள்ளையர் காலத்தில் அவர்களுடைய வேட்டைக்காக மழையிலும் பனியிலும் புல்வெளியைச் சுற்றிவந்த முதுவர்களின் வழிவந்தோர் இன்றும் அம்மலையில் இருக்கிறார்கள். வரையாட்டைக் காக்கும் பணத்திலும், காவலைப் பற்றிய முடிவுகளிலும், கூலிக்காரராக அல்லாமல் உரிமையுடையோராக அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சமவெளியில் இருக்கும் நாம் இன்னும் சரிவரக் கேட்கவே தொடங்கவில்லை.