இல்லத்துப் பங்கீடும் அன்பும்

ஒரு கூரையின்கீழ் வாழ்வார் பலராயினும் அவர்தம் பொருளும் மனமும் ஒன்றே எனக் கொள்ளுதல் உலக வழக்கு. யாமும் நெடுநாள் அங்ஙனமே கருதியிருந்தோம். அமெரிக்க நாட்டுப் பொருணூல் வல்லார் கேரி பெக்கர், குடும்பத்தைப் பற்றி 1981-இல் வெளியிட்ட பெருநூலில், தலைவன் ஏனையோர்பால் அன்புடையனாயின் குடும்பம் முழுதும் ஒருவனே போல ஒழுகும் என்னும் கொள்கையை விரித்தார். அன்பு உள்வழிப் பங்கீடு பிழையாது என்பது இதனாற் பெறப்படும். அஃது ஆராயற்பாலது.

மேலை ஆப்பிரிக்காவிலுள்ள புர்க்கினா ஃபாசோ நாட்டில் கணவனும் மனைவியும் தத்தமக்கெனத் தனித்தனிப் புலம் வைத்துப் பயிரிடுவர். ஒரே இல்லத்தார் ஒரே ஆண்டில் ஒரே பயிரை விளைத்த புலங்களைக் கிறிஸ்டோபர் உட்ரி என்பார் ஒப்பிட்டு, 1996-இல் முடிவுகளை வெளியிட்டார். மகளிர் புலத்து விளைவு ஆடவர் புலத்தினும் ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைந்திருந்தது. மகளிரின் மடியோ காரணம்? அன்று. எரு பெரும்பாலும் ஆடவர் புலத்தையே சென்றடைந்தது. ஆளுழைப்பும் ஆண்டே மிக்கிருந்தது. ஒரு புலத்தில் எருக் குவியக் குவிய அதன் பயன் சுருங்குமென்பது உழவர் எவரும் அறிந்ததே. இவ்வாறு பிழைபடப் பகிர்ந்தமையால் விளைவில் நூற்றுக்கு 6 அளவு வீணாயிற்று என அவர் கணக்கிட்டார். வறிய குடிக்கு அஃது எத்துணை நாளுணவு!

அவ்வாடவர் அன்பிலரோ எனின், அங்ஙனம் கூறத் துணியோம். எருவை மனைவியின் புலத்திலிடின் விளைவு அவள் கையிற் சேரும். அது தன்பால் மீளுமோ என்னும் ஐயம் அன்புடையான் உள்ளத்தும் எழுதல் கூடும்.

பொருள் எவர் கையிற் சேர்கின்றது என்பதும் நோக்கத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் முதியோர் உதவிப்பணம் 1990-களின் தொடக்கத்தில் கறுப்பின மக்களுக்கும் முழுமையாக விரிக்கப்பட்டது. எஸ்தர் டுஃப்லோ 2003-இல் காட்டியவாறு, அப்பணம் பாட்டியர் பெற்ற இல்லங்களிற் பேத்தியரின் உடல்வளர்ச்சி மேம்பட்டது. பாட்டனார் பெற்றவிடத்து அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. அன்பு இரு கையிலும் இருந்திருக்கலாம், பயன் ஒன்றாகவில்லை.

மனைவியே குறைபங்கிற்கு இசைந்தனளன்றோ எனத் தடை நிகழ்த்துவாரும் உளர். இந்திய நாட்டுச் சிற்றூர்ப் பெண்ணை நின்னலம் யாதென வினவின், அவள் குடும்பத்தின் நலத்தையே விடையாகக் கூறுதல் கூடும் என அமர்த்தியா சென் 1990-இல் எழுதினார். தனக்கென ஒரு நலமுண்டு என்று எண்ணவே பழகாதாள் தந்த இசைவைக்கொண்டு அப்பங்கீட்டை முறையென நிறுவுதல் யாங்ஙனம்?