மறைக்கத் தகாத குறை

பிறர் குறையை மறைப்பது பெருந்தன்மை. கண்டதையும் கேட்டதையும் ஊரெங்கும் சுமந்து திரியாத நாவை உலகம் போற்றுகிறது. ஆயின், இப்பண்பு எல்லா இடத்திலும் பண்பாகவே நிற்குமா?

ஒரு முதியோர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் குளியலறைக்குச் சென்ற மூதாட்டி வழுக்கி விழுகிறார், கை வீங்கிவிடுகிறது. உடனிருக்க வேண்டிய பணிப்பெண் வேறோர் அறையில் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தார். இருபது பேருக்கு அவர் ஒருவரே. பதிவேட்டில் எழுதினால் அவருடைய வேலை போகலாம். இல்லத்தின் பெயரும் கெடலாம். "வயதானால் விழத்தான் செய்வார்கள்" என்று தைலம் தடவிவிட்டால் கேட்பாரில்லை. இங்கே மறைப்பது இரக்கமா, வஞ்சனையா?

"வயதாகிவிட்டது" என்னும் சொல் ஒரு பெருந்திரை. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அண்மையிலுள்ள மம்சாபுரத்தார் இதனை அறிவர். எண்ணெய் முழுக்கின் பெயரால் முதியோர் உயிரைப் போக்கும் 'தலைக்கூத்தல்' தங்கள் விருதுநகர் மாவட்டத்தில் நடப்பதாக 2010ஆம் ஆண்டு வெளிவந்த செய்தியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வீடுகளுக்குள் நடந்த கொடுமை. ஆனால், வீடாயினும் இல்லமாயினும் திரை ஒன்றே. குழந்தை விழுந்தால் காரணத்தைக் கேட்கிறோம். முதியவர் விழுந்தால் வயதைக் கேட்கிறோம்!

ஆகவேதான் சில நாடுகள் இதனை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2021 ஏப்ரல் முதல், முதியோர் இல்லங்களில் காயம் விளைவித்த புறக்கணிப்பு, எதிர்பாராத மரணம் முதலியவற்றை 24 மணி நேரத்துக்குள் மேற்பார்வை ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். நம் நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டந்தோறும் வறிய முதியோருக்கு இல்லம் அமைக்க வழி கூறுகிறது. கட்டடம் எழுந்தால் மட்டும் போதாது. அதனுள் நடப்பதை அஞ்சாமல் எழுதும் கையும் வேண்டும்.

நமக்கு இழைக்கப்பட்ட தீங்கை மறந்துவிட நமக்கு உரிமையுண்டு. இன்னொருவர் உடம்பில் பட்ட காயத்தை மறைக்க நமக்கு ஏது உரிமை? இல்லத்தாரிடம் ஒப்படைக்கப்பட்ட முதியவர் ஓர் அமானிதம். அமானிதத்தில் கீறல் விழுந்தால் உரியவரிடம் சொல்வதே நேர்மை.

பணிப்பெண்ணைத் தண்டிப்பதற்கே பதிவேடு என்றால் எவரும் எழுத மாட்டார். உண்மையில் அந்த ஏழைக்கும் அதுவே காவல். இருபது பேருக்கு ஒருவர் என்னும் அநீதி எழுதினால்தான் வெளிப்படும்; மறைத்தாலோ, அடுத்த இரவும் அதே குளியலறையில் இன்னொருவர் விழுவார்.

பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்கள் உணவையும் படுக்கையையும் பார்ப்பதோடு பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கட்டும். ஆண்டு முழுவதும் ஒரு குறையும் எழுதப்படாத பதிவேட்டைக் கண்டால் மகிழ வேண்டாம். அங்கேதான் அதிகம் விசாரிக்க வேண்டும்.