ஒலி இல்லாத கருவியும் நாத வழிபாடும்

நாதத்தை இறைவடிவாகக் கொள்கிற மரபுக்கு மிடி கன்ட்ரோலர் கடினமான ஒரு கேள்வியை வைக்கிறது. அந்தக் கருவிக்குள் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை அழுந்தியது, எவ்வளவு வேகமாக அழுந்தியது, விரல் எப்போது எடுபட்டது என்கிற செய்தி மட்டும் எண்களாகக் கணினிக்குப் போகிறது. அங்கே ரெக்கார்டிங் மென்பொருள் அதை வீணையாகவோ ஷெனாயாகவோ ஒலிக்கச் செய்கிறது. தானாக ஒலிக்காத ஒன்றை வாசிப்பது நாத உபாசனை ஆகுமா? ஆகும் என்றே நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கான காரணங்களில் ஒன்று புனேயின் இசை வரலாற்றில் இருக்கிறது.

கிருஷ்ணாஜி பல்லாள் தேவல் இந்துஸ்தானி இசையின் 22 சுருதிகளைக் கணக்கிட்டு எழுதிய நூல் 1910-இல் புனேயில் வெளியானது. அந்த வழியில் எர்னஸ்ட் கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி சுருதி ஹார்மோனியம் உருவாக்க முனைந்தார். தேவலின் ஆய்வுக்குத் துணை நின்ற, கிரானா மரபைச் சேர்ந்த பாடகர் அப்துல் கரீம் கான் 1913-இல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கினார். 1937-இல் நம் சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தாரே, அதே கான் சாகிப்தான். 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், சுருதிகள் 22 அல்ல, 24 என்று வாதிட்டார். பெரும் உழைப்பு அது. இரு தரப்பையும் வணங்கத் தோன்றுகிறது. ஆனால் தர்பாரி கானடாவின் காந்தாரமோ நம் தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. அவற்றின் உயிர் அசைவில் இருக்கிறது. ஸ்தாயியை எத்தனை கூறு போட்டாலும் கூறுகளுக்கிடையே நடக்கிற அந்தப் பயணம் கட்டைகளில் அகப்படாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும் இது ஒரு காரணம். அதே ஹார்மோனியத்தை அப்பா ஜல்காவ்ன்கர் பக்கத்தில் வாசிக்க, அப்துல் கரீம் கானின் சீடர் வழி வந்த பீம்சேன் ஜோஷி பாடினார், ராகம் கெட்டுவிடவில்லை. குரு சவாய் கந்தர்வரின் நினைவாக அவர் 1953-இல் தொடங்கிய புனே இசை விழாவுக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே குரல் இருந்தது, பக்கவாத்தியத்தின் குறையை அது மூடியது என்பார்கள். நியாயமான மறுப்பு. கன்ட்ரோலரிலோ வாசிப்பதே குரல், வேறு துணை இல்லை. ஆனால் 1983-இல் வந்த மிடி, கட்டைகளோடு பிட்ச் பெண்ட் என்ற தனிச் செய்தியையும் கொடுத்தது. அதற்கு 16,384 படிகள் உண்டு. மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்ற வழக்கமான வீச்சில் வைத்தால் ஓர் அரைச்சுர இடைவெளி 4,096 நுண்கூறுகளாகும். இவ்வளவு நுட்பத்தை மனிதக் காது பிரித்தறியாது. இந்தச் செய்தி ஒரு சேனலில் உள்ள எல்லாச் சுரங்களையும் ஒன்றாக வளைத்துவிடும் என்பது மேற்கத்திய இசைக்குப் பெரிய தொல்லை. அதைத் தீர்க்க 2018-இல் எம்பிஇ என்ற விரிவாக்கமே வந்தது. ஒற்றை இழையாக ஓடும் ராக ஆலாபனையில் அந்தத் தொல்லை பெரும்பாலும் எழுவதே இல்லை. ஆக, எண்ணாக்கியதால் கமகம் செத்தது என்ற குற்றச்சாட்டு நிற்காது. வேறொரு இடத்தில்தான் கவனம் வேண்டும். கருவியிலுள்ள வளைப்புச் சக்கரத்தை எவ்வளவு தள்ளினோம் என்பதைத்தான் பிட்ச் பெண்ட் சொல்கிறது. எந்தச் சுரம் என்று சொல்வதில்லை. மென்பொருளில் வீச்சு இரண்டு அரைச்சுரமாக இருந்தால் ஓர் ஒலி, பன்னிரண்டாக இருந்தால் முற்றிலும் வேறொன்று. சேனல் பொருந்தாவிட்டால் மௌனம். கருவியையும் மென்பொருளையும் இணங்க வைக்கும் அந்தச் சலிப்பூட்டும் வேலையை வெறும் தொழில்நுட்பம் என்று தள்ளுவது தவறு. தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும் அதே பொறுப்புதான் அது. முன்னிருப்பாக வருவதை அப்படியே ஏற்பவர், தன் ராகம் எவ்வளவு அசையலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்ய விட்டுவிடுகிறார்.

மரம், தோல், நரம்பு எதுவும் இல்லாத ஒலி எப்படிப் புனிதமாகும் என்பதே ஆழமான மறுப்பு. வீணைத் தந்தி விரலை எதிர்த்துத் தள்ளும், அந்த எதிர்ப்பிலிருந்து விரல் கற்கும். பிளாஸ்டிக் சக்கரம் அப்படி எதுவும் கற்றுத்தராது. இது உண்மையான இழப்பு, இதை எந்த அமைப்பும் ஈடுகட்டுவதில்லை. ஆனால் நாதத்தின் பிறப்பைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் சாரங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் சொல்லும் வரிசை வேறு. ஆன்மா சொல்ல விழைகிறது, மனத்தை ஏவுகிறது, மனம் உடலின் அக்கினியைத் தட்டுகிறது, அக்கினி வாயுவை எழுப்புகிறது, பிறகே ஒலி. முதலில் இருப்பது விழைவு. நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் இப்போது மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் வந்துவிட்டன. ஒலிப்பது அசல் முரசு, அசல் மணி; சுவிட்சைப் போட்டவரைத் தவிர வேறு மனிதர் தேவையில்லை. கன்ட்ரோலரிலோ ஒலி செயற்கை, வாசிப்பவரின் விழைவும் கையும் அசல். இரண்டில் எதை நாத வழிபாடு என்பது என்று கேட்டால் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

இந்த அளவுகோலை ஏற்றால் அது கணினியின் மீதும் திரும்பும். ரெக்கார்டிங் மென்பொருளில் குவாண்டைஸ் என்ற வசதி உண்டு. வாசித்த ஒவ்வொரு சுரத்தையும் தாளக் கட்டத்தின் மீது துல்லியமாக நகர்த்திவிடும். விளம்பரப் பாட்டுக்கு அது பொருந்தலாம். ஓர் அபங்கத்தையோ தேவாரத்தையோ கையால் வாசித்துவிட்டு அதன் மேல் இதை ஓட்டினால், எடுப்பில் இருந்த மெல்லிய தயக்கமும் தாளத்துக்குச் சற்றே பிந்தி வந்து விழுந்த அழுத்தமும் போய்விடும். கன்ட்ரோலர் கணினிக்குக் கொண்டுபோனதில் வாசித்தவருடையது என்று சொல்ல இருந்தவை அவைதான்.