கூலிக் கணக்கு எழுதாத பசுமை

ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் களை எடுக்கிறார்கள். ஒருவர் கல்லூரி முடித்த இளைஞர். பணம் கட்டிப் பெர்மாகல்ச்சர் பண்ணைக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறார். மற்றவர் பக்கத்துக் காலனியிலிருந்து நாள் கூலிக்கு வந்திருக்கும் பெண். பயிற்சி முடிந்ததும் இளைஞருக்குச் சான்றிதழ் கிடைக்கும், 'நிலைத்த வாழ்வு' கற்ற நிறைவு கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு ஆண் கூலியைவிடக் குறைந்த கூலி கிடைக்கும். களை ஒன்றுதான், வெயில் ஒன்றுதான், இடுப்பு வலியும் ஒன்றுதான். ஒருவர் செய்தால் கல்வி, இன்னொருவர் செய்தால் கூலி வேலை என்று பிரித்து வைத்தது யார்? இந்தக் கேள்விக்கு இடம் இல்லாத பண்ணையில் செடி வளர்க்கக் கற்கலாம். வாழக் கற்க முடியாது.

பயிற்சிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போக வேண்டும். தண்ணீர் குழாயில் ஊறுகிறது, கத்தரிக்காய் கடையில் காய்க்கிறது என்று வளர்ந்துவிட்ட தலைமுறைக்கு மண்ணில் கால் வைப்பதே பெரிய படிப்பு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மொலிசனும், அப்போது இளைஞராக இருந்த டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து எழுதி 1978இல் வெளியிட்ட நூலில் பெர்மாகல்ச்சர் உருவம் பெற்றது. காட்டை யாரும் உழுவதில்லை, யாரும் உரம் போடுவதில்லை, ஆனாலும் அது செழிக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று உற்றுப் பார்த்து, அதன்படி வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் அமைத்துக்கொள்வோம் என்பதுதான் அதன் சாரம். உற்றுப் பார்ப்பதில் தொடங்கும் எந்தச் சிந்தனையும் பகுத்தறிவுக்கு உறவுதான்.

அங்கே சொல்லித் தரும் 'ஏ' சட்டகத்தைப் பாருங்கள். ஆளுயரக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு குறுக்குக் கம்பு வைக்கிறார்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல் தொங்குகிறது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பில் படும் இடத்தில் கரியால் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில் மூன்றாவது கோடு. கயிறு அந்த நடுக்கோட்டில் நிற்கும்போதெல்லாம் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அப்படியே காலை மாற்றி மாற்றி வைத்து முளை அடித்துக்கொண்டே போனால் நிலத்தின் சமமட்டக் கோடு தெரிந்துவிடும். அந்தக் கோட்டில் வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டால், ஓடிப்போக இருந்த மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். இதில் எந்தக் குருவின் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. சட்டகத்தைச் சரியாகப் பிடித்தால் யார் பிடித்தாலும் அதே கோடுதான் வரும். பட்டம் பெற்றவர் பிடித்தாலும், பள்ளிக்கூடம் போகாதவர் பிடித்தாலும், எந்தச் சாதிக்காரர் பிடித்தாலும் கல் ஒரே இடத்தைத்தான் காட்டும்.

பெர்மாகல்ச்சர் தனக்கு மூன்று அறங்களை வைத்துக்கொண்டிருக்கிறது: மண்ணைப் பேணுதல், மக்களைப் பேணுதல், பங்கிட்டு வாழ்தல். முதல் அறத்துக்குப் பண்ணை முழுக்கச் சாட்சி இருக்கும். மூடாக்கு இருக்கும், உயிர்வேலி இருக்கும், மண்புழு இருக்கும். மற்ற இரண்டு அறங்களுக்குச் சாட்சி வேண்டுமென்றால் கணக்குப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உழைப்பைக் கொடுத்துச் சாப்பாடும் படுக்கையும் பெற்று இயற்கைப் பண்ணைகளில் தங்கும் வழக்கம் 1971இல் இங்கிலாந்தில் ஓர் இயக்கமானது. லண்டனில் அலுவலக வேலை பார்த்த சூ கோப்பர்ட் என்ற பெண், நகரவாசிகள் வார இறுதியில் பண்ணைக்குப் போய் உழைத்து வருவதற்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. இன்று 'வூஃப்' என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் சமமாக இருக்கும்வரை அது நேர்மையான மாற்றுத்தான். கற்பிக்க நேரம் ஒதுக்கும் உழவர் அதற்குக் கட்டணம் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, கற்பிப்பதைக் குறைத்து, வேலையை மட்டும் முழுதாக வாங்கும் பண்ணைகளும் இருக்கின்றன. "வெளியிலிருந்து உரம் வாங்குவதில்லை, மருந்து வாங்குவதில்லை, எங்களுக்கு இடுபொருள் செலவே கிடையாது" என்று அவை பெருமை பேசுகின்றன. மூடாக்குக்குத் தழை வெட்டிச் சுமந்தது யார்? வாய்க்கால் வெட்டியது யார்? கூலி வாங்காத பயிற்சி மாணவர்கள். அவர்களின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏதோ ஒரு நகரத்தில் யாரோ ஒருவரின் சம்பளம் சுமக்கிறது. யூரியா மூட்டை மட்டும்தான் வெளி இடுபொருளா? இனாமாக வரும் மனித உழைப்பும் வெளி இடுபொருள்தான். அதைக் கணக்கில் எழுதாமல் 'இந்தப் பண்ணை தன் காலில் நிற்கிறது' என்று சொன்னால் அது பொய். அந்தப் பொய்யைப் பார்த்து, கடன் வாங்கி நிலம் திருத்தும் சிறு விவசாயி ஏமாறுவான். அவன் நிலத்தில் இனாமாக வேலை செய்ய எந்தப் பட்டதாரியும் வரப்போவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழவர்கள் சுமார் 11.88 கோடி, விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 14.43 கோடி. தன் நிலத்தில் பாடுபடுவோரைவிட அடுத்தவர் நிலத்தில் பாடுபடுவோர் அதிகமாக உள்ள நாடு இது. அவர்களுக்குப் பாடத்திட்டத்தில் ஒரு வரி இல்லாத நிலைத்த வேளாண்மை யாரை நிலைநிறுத்தப் போகிறது? அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட தலித் உழவுத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. அடுத்த ஆண்டுதான் நியாயக் கூலிக்குச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் 'வயலில் இறங்கி உழைப்பதன் அழகு' பற்றிப் பேசுகிறவர் இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பேச முடியாது.

அறிவு என்று பார்த்தாலும் கணக்கு தலைகீழாகத்தான் இருக்கிறது. கூலிக்கு வரும் அந்தப் பெண், கோரையை மேலோடு பிடுங்கினால் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும் என்று அறிந்து, களைக்கொத்தை ஆழ இறக்குகிறார். களைகளுக்கு நடுவே பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் மூக்கிரட்டையையும் கை தனியே பிரித்து மடியில் கட்டிக்கொள்கிறது. இரவுக் குழம்புக்கு அதுதான். அதே கீரைகளைப் பற்றி மாலையில் பயிற்சி மாணவர்களுக்குத் திரையில் படம் போட்டு வகுப்பு நடக்கும். வகுப்பு எடுப்பவருக்கு மதிப்பூதியம் உண்டு. மடியில் கீரை கட்டியவருக்கு வகுப்பு நடப்பதே தெரியாது. இந்தூரில் மட்கு உர முறையை உருவாக்கிய ஆங்கிலேய அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், இந்திய உழவர்களைத் தம் பேராசிரியர்களாக ஏற்றுக்கொண்டதை வெளிப்படையாக எழுதினார். ஆளவந்த நாட்டைச் சேர்ந்தவருக்கு அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தது. செலவுமிக்க இடுபொருளை வைத்து நடக்கும் ஆய்வு மானாவாரி உழவருக்கு உதவாது என்று 1969இல் கோவில்பட்டி ஆய்வுப் பண்ணை வேலையை உதறிய இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரும் ஊர் ஊராகப் போய் உழவரிடம் கற்றுத்தான் உழவருக்குச் சொன்னார். கூலிக்காரரை ஆசிரியர் என்று அழைக்க நமக்கு மட்டும் நாக்கு ஏன் எழவில்லை?

இனி, பண்ணையிலேயே மிக ஆழமான பாடம் நடக்கும் இடத்துக்கு வருவோம். அது கழிப்பறை. பல பெர்மாகல்ச்சர் பண்ணைகளில் தண்ணீர் ஊற்றாத கழிப்பறைதான் இருக்கும். போய்விட்டு வந்ததும் மரத்தூளோ சாம்பலோ ஒரு கை அள்ளிப் போட வேண்டும். வாளி நிறைந்ததும் முறை வைத்து ஒருவர் தூக்கிப்போய் மட்குக் குழியில் கொட்டி, காய்ந்த இலையால் மூட வேண்டும். மலத்தில் உள்ள தழைச்சத்தும் மரத்தூளில் உள்ள கரிமமும் சேரும்போது நுண்ணுயிரிகள் பெருகுகின்றன, குவியல் சூடேறுகிறது, நோய்க்கிருமிகள் சாகின்றன. குடற்புழுவின் முட்டை எளிதில் சாகாது. அதனால், ஆறப்போட்டு மட்க வைக்கும் முறைக்கு வெப்பமான ஊர்களிலும் ஓராண்டுக்கு மேல் அவகாசம் கேட்கிறது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. இதில் அருவருப்புக்கு இடம் இல்லை, அவசரத்துக்கும் இடம் இல்லை. இருப்பது அறிவியல் மட்டும்.

ஆனால் மலம் சுமப்பதற்கென்று பிறப்பால் ஆள் ஒதுக்கிய நாடு இது. அதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தொழிலாளர்கள் சாக்கடையில் இறங்கிச் செத்துக்கொண்டே இருந்ததால்தான் இறப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு பட்டதாரி தன் மலத்தைத் தானே சுமந்து மட்க வைக்கிறார் என்றால், அது உரம் தயாரிப்பதைவிடப் பெரிய செயல். தீட்டு என்பது வெறும் கற்பனை என்று அவர் கையே அவருக்கு நிரூபித்துவிடுகிறது. அந்த வாளியைத் தூக்க மட்டும் கூலிக்கு ஆள் வைத்திருக்கும் பண்ணை, எத்தனை மரம் நட்டிருந்தாலும், பழைய கொடுமையைத்தான் நடத்துகிறது. பண்ணையில் வாளி தூக்கிவிட்டு வீடு திரும்பியவருக்கும் ஒரு கேள்வி உண்டு. உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? மனிதரை உள்ளே இறக்குகிறீர்களா, இயந்திரம் வரும்வரை காத்திருக்கிறீர்களா? வேலை செய்ய வந்தவர் தண்ணீர் கேட்டால் எந்தத் தம்ளரில் கொடுக்கிறீர்கள்? இந்த விடைகள் மாறவில்லை என்றால் பண்ணையில் நீங்கள் கற்றது ஒன்றுமில்லை.

கல் தொங்கவிட்டு மட்டம் பார்த்த அதே பண்ணையில், மாலையானால் பகுத்தறிவை மூட்டை கட்டிவிடுகிறார்கள். மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்தால் விண்ணாற்றல் இறங்கும் என்பார்கள். குறிப்பிட்ட மாட்டின் சாணமும் மூத்திரமும்தான் ஆகும் என்பார்கள். நுண்ணுயிரி மாட்டின் குலங்கோத்திரம் விசாரிக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது கடினமே இல்லை. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே மண்ணில் பல பாத்திகள் போட்டு, பாதிக்கு அந்த மாட்டின் சாணக் கரைசலும் மீதிக்கு வேறு மாட்டின் சாணக் கரைசலும் ஊற்றி, விளைந்ததை எடை போட்டால் போதும். ஜப்பானின் இயற்கை உழவர் மசானபு ஃபுகுவோகா தம் தந்தையின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விட்டார். கிளைகள் பின்னிப் பூச்சி விழுந்து மரங்கள் பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அவர் தெளிந்தது அந்த இழப்பிலிருந்து. சோதிக்காத நம்பிக்கை ஆட்சியாளர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை விழுந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை விலக்கினார்கள். அடி வாங்கியவர்கள் ஆணையிட்டவர்கள் அல்ல. வன்னியின் உழவரும் மலையகத் தோட்டத் தொழிலாளரும்தான் வாங்கினார்கள். ஆராயாத நல்லெண்ணத்தின் செலவு எப்போதும் ஏழையின் தலையில்தான் விழுகிறது.

விரும்பி ஏற்ற எளிமையும் திணிக்கப்பட்ட வறுமையும் ஒன்றல்ல. மண் குடிசையில் ஒரு மாதம் இருப்பவருக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது. மண் குடிசையிலேயே பிறந்தவர் கான்கிரீட் வீடு கேட்டால் அவருக்குச் 'சூழல் உணர்வு இல்லை' என்று எவரும் சொல்லக்கூடாது. பங்கிட்டு வாழ்தல் என்ற மூன்றாவது அறத்தை உண்மையாக எடுத்துக்கொண்டால் அது நிலத்தில்தான் வந்து நிற்கும். 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் பெருமளவில் கைமாறிப் போயின. பயிற்சி முடித்து, சேமித்த பணத்தில் 'இயற்கையோடு வாழ' நிலம் வாங்கப் போகிறவர்கள், அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்று மூலப் பத்திரம்வரை பார்க்கிறார்களா?

ஆகவே, பயிற்சிக்குக் கிளம்பும் இளைஞர்களே, மண்வெட்டி பிடிக்கக் கற்பதற்கு முன் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே வேலை செய்யும் கூலிக்காரர்களுக்கு என்ன கூலி, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலியா என்று கேளுங்கள். எங்கள் உழைப்பைக் கழித்துவிட்டால் இந்தப் பண்ணை லாபத்தில் நிற்குமா என்று கேளுங்கள். கழிப்பறை வாளியைத் தூக்கும் முறைப் பட்டியலில் முதலாளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். களை எடுக்கும் பெண்ணை ஒரு நாள் வகுப்பெடுக்க அழையுங்கள், ஆசிரியருக்குரிய ஊதியத்தோடு. அவரும் நீங்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்று பாருங்கள். இவற்றுக்கெல்லாம் தலை நிமிர்ந்து விடை சொல்லும் பண்ணைகள் உண்டு. அங்கே போய்ப் படியுங்கள். விடை தெரியாமல் விழிக்கும் பண்ணையில் தொடர்ந்து கேளுங்கள். கேட்கவே விடாத பண்ணையைவிட்டு அன்றைக்கே வெளியேறுங்கள்.